வலது காது

தொண்ணூறுகளில் கிரீன் கார்டுக்குப் படம் எடுக்க, என்னோடு ஓட்டலில் சமைக்கும் முருகேசன் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு போட்டோக் கடைக்குக் கூட்டிப்போனான். "அண்ணே, முகத்தை லெஃப்ட்ல திருப்புங்க. வலது காது தெரியலன்னா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க." எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பா நினைவு வந்துவிட்டது.

அவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றபோது, நோட்டீஸுக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு நானும் போனேன். நாய் கடித்து அவருக்கு வலது காதில் பாதி இல்லை. ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "தலைவருங்க எல்லாம் ஒரு பக்கமாத்தான் பாப்பாங்க" என்று அந்தக் காது மறையும்படி அவரைத் திருப்பினார். பிறகு படத்தில் பென்சிலால் மீசையையும் அடர்த்தியாக்கினார்.

நோட்டீஸ் ஒட்டியதும், எழுத்துத் தெரியாத டீக்கடைக்காரர் அப்பாவிடமே கேட்டார்: "யாரு மாமா இந்த வெளியூர்க்காரன்? என் ஓட்டு உங்களுக்குத்தான்."

அப்பா பதறிப்போனார். "நான்தான்யா அது!"

"அப்ப காதை எங்க வச்சீங்க?"

கடையே சிரித்தது. அன்றிலிருந்து அப்பா வீடு வீடாகப் போய், வலது பக்கத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டார். ஜெயித்தார். பஞ்சாயத்து ஆபீசில் மாட்டும் படத்துக்கு, "இந்தத் தடவை காதோட எடுய்யா" என்று ஸ்டூடியோக்காரரிடம் சொன்னார்.

"ஆடாதீங்கண்ணே!" என்று முருகேசன் கத்தினான். ஃபிளாஷ் அடித்தது.

காது நன்றாக விழுந்திருந்தது. கண்தான் மூடியிருந்தது.