கல்குதிரையின் பல்வரிசை

என் அத்தானிடம் யாரும் வழி கேட்கக் கூடாது. அதிலும் வெளியூர்க்காரர்கள் காலை நேரத்தில் படகுத்துறையில் நின்று, "கல்குதிரையைப் பார்க்க எப்படிப் போகணும்?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. சாப்பாட்டுப் பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

"உல்லாசப் படகுல மட்டும் ஏறாதீங்க. காசையும் பிடுங்கிக்கிட்டு காது கிழியப் பாட்டும் போடுவான். நாங்க தினம் வேலைக்குப் போற ஃபெர்ரியில ஏறுங்க. பஸ் டிக்கெட் விலைதான். மேல்தளம், இடது பக்கம், பின்னாலிருந்து மூணாவது பெஞ்சு. குதிரை நேரா உங்க மூஞ்சியப் பார்க்கும். பல்லெல்லாம் தெரிய சிரிக்கும் பாருங்க!"

துறைமுக வாயில், தனிப்பாறை ஒன்றின் மேல், நான்கு மாடி உயரத்துக்கு நிற்கிறது அந்தக் குதிரை. செதுக்கியவருக்கு ஊர்க்காரர்கள் மேல் என்ன கோபமோ, முகத்தைக் கடல் பக்கமும் வாலை ஊர்ப் பக்கமுமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் பார்க்க வருகிற குதிரையின் பின்புறத்தைத்தான் நாங்கள் தினமும் துணி காயப்போடும்போது பார்க்கிறோம்.

அக்கா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் மாதம், ஒரு நாள் மொட்டைமாடியில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது. "இந்த ஊர்ல குதிரைகூட எனக்கு முதுகைத்தான் காட்டுது" என்றாளாம். அத்தான் பதறிப்போய், "அப்படியெல்லாம் இல்லம்மா. முன்பக்கம் போய்ப் பார்த்தா பல்லெல்லாம் தெரிய சிரிச்சுக்கிட்டு நிக்குது. நான் தினம் பார்க்கறேனே! ஒரு ஞாயித்துக்கிழமை உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்" என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து சேர இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

குற்றம் முழுக்க அத்தானுடையது அல்ல. அக்காவுக்கு பேக்கரியில் வேலை. கேக் மேல் பெயர் எழுதுவாள், பூப் போடுவாள், படம் வரைவாள். பிறந்தநாள் என்றைக்கு வந்தாலும் ஜனங்கள் அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்துத்தானே கொண்டாடுகிறார்கள்? அதனால் ஞாயிறுகளில் அவளுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. கல்குதிரை போட்ட கேக் கேட்பவர்களும் உண்டு. அக்கா வாலையும் பின்னங்கால்களையும் வரைந்து கொடுத்துவிடுவாள். "முன்பக்கத்தப் போடும்மா" என்று பேக்கரி முதலாளி கெஞ்சினால், "நான் பார்க்காததை எப்படிப் போடறது?" என்பாள். முதலாளி கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துவிட்டார்.

நான் இந்த ஊரில் குடியேறிய பிறகு, ஃபோனில் குதிரை முகத்தைத் தேடி, படம் திறக்கும் முன்பே அவள் மூக்குக்கு நேரே ஒரு தடவை நீட்டினேன். சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு அவர் காட்டறேன்னு சொல்லியிருக்கார். நீ உன் வேலையப் பாருடி."

எனக்கு எரிச்சல் வந்தது. நானும் பார்க்காமலே ஃபோனை அணைத்துவிட்டேன். இந்த வருடம் அவள் பிறந்தநாளுக்கு உல்லாசப் படகு டிக்கெட் இரண்டு வாங்கி, அத்தான் கண்ணெதிரேயே அவள் கையில் கொடுத்தேன். அத்தான் முகம் சுண்டிப்போயிற்று. அக்கா டிக்கெட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை லீவு போடறேன். உங்க ஃபெர்ரியிலயே போவோம். இந்தத் தடவையும் நடக்கலேன்னா, நான் இவளோட உல்லாசப் படகுல போய்ப் பார்த்துக்கறேன். அப்புறம் என்கிட்ட குதிரைப் பேச்சே எடுக்கக் கூடாது."

அக்கா கோபமாகச் சொல்லியிருந்தால் அத்தான் சமாளித்திருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சாட்சிக்கு நானும் போனேன். அக்கா காற்றுக்குக் கலையாமல் தலைமுடியை ஊசி குத்தி இறுக்கியிருந்தாள். அக்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அத்தான், தன் கையால் லென்ஸ் தேய்த்துப் போட்டுக்கொடுத்த கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்திருந்தாள். படகு முக்கால்வாசி காலி. மேல்தளம், இடது பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சு. அத்தான் அதைத் தட்டித் துடைத்து அவளை உட்கார வைத்த அழகைப் பார்த்தால் படகே அவருடையதோ என்று தோன்றும்.

இங்கே அத்தானின் இன்னொரு பெருமையையும் சொல்ல வேண்டும். ஃபெர்ரியில் தினமும் வருகிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'முதல் கால்'. அக்கரையில் படகு நின்றதும் எதிரே ஒரு பஸ் கிளம்பும். முதலில் இறங்குகிறவர்களுக்குத்தான் அதில் இடம். அதனால் படகு கரையை நெருங்கும்போது மணி அடித்தாலே எல்லோரும் கீழ்த்தள வாசலுக்கு ஓடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கரையில் முதலில் விழுகிற கால் அத்தானுடையது.

படகு பாறையைச் சுற்றத் தொடங்கியது. முதலில் வால் வந்தது. அது எங்களுக்குப் பழகிய வால்தான். பிறகு பின்னங்கால்கள், வயிறு. அக்கா பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டாள். "இப்போ பாரு, இப்போ பாரு..." என்று அத்தான் சொல்லிக்கொண்டே இருக்கும்போது மணி அடித்தது.

அவ்வளவுதான். ஒரு கை பையை எடுத்தது, இன்னொரு கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தது. தடதடவென்று படியில் இறங்கினார். தீப்பிடித்துவிட்டதோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். கீழ்த்தள வாசலில் இரும்புக் கதவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, ஒரு ஆளும் இல்லை. அத்தான் அதன் முன்னால் ஒரு காலை நீட்டி வைத்து, தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றார். படகு கரையில் இடித்தது, கதவு திறந்தது. முதல் கால் இறங்கியது. இரண்டாவது கால் அக்காவுடையது.

இறங்கி நாலு எட்டு வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க" என்றாள் அக்கா. "தினமும் இப்படித்தான் இறங்குவீங்களா?"

"பஸ் போயிடும்ல..."

"மணி அடிச்ச உடனே?"

"ஆமா."

"அப்போ குதிரை மூஞ்சிய எப்போ பார்ப்பீங்க?"

அத்தான் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"பார்த்ததில்ல" என்றார். "அப்போ நான் கடையில சேர்ந்தே ரெண்டு மாசம்தான். நீ அழுதுக்கிட்டு நின்னே. ஏதாவது சொல்லணும்னு தோணிச்சு. சொல்லிட்டேன். அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி, பார்த்த மாதிரியே ஆயிடுச்சு."

இருபத்திரண்டு வருடம் ஊருக்கே காதில் பூ சுற்றியிருக்கிறார்! எத்தனை வெளியூர்க்காரர்கள் அந்த மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பல்லைத் தேடினார்களோ! வேறு நாளாக இருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. டிக்கெட் வாங்கி இந்த வம்பைக் கிளப்பியதே நான்தானே என்று நெஞ்சு குறுகுறுத்தது.

அக்கா துறையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து பன்னை எடுத்தாள். மூன்றாகப் பிய்த்தாள். பெரிய துண்டை அவரிடம் நீட்டினாள்.

"தின்னுங்க. திரும்பிப் போய் மறுபடி வருவோம். டிக்கெட்தான் மலிவாச்சே."

திரும்புகிற படகு பாறைக்கு உள்பக்கமாகப் போகும். மறுபடி அதே வால்.

மூன்றாவது பயணத்தில் அக்கா அவரை ஓரத்தில் உட்கார வைத்து, சட்டை நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். மணி அடித்தது. அத்தானின் முழங்கால் இரண்டும் தானாக எழும்பின.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். கழுத்து வந்தது, காது வந்தது, முகம் வந்தது. அக்கா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

குதிரையின் வாய் இறுக மூடியிருந்தது. பல்லும் இல்லை, சிரிப்பும் இல்லை. காலையில் தண்ணீர் வராத வீட்டுக்காரர் மாதிரி கடலை முறைத்துக்கொண்டு நின்றது.

"எங்க பல்லு?" என்றாள் அக்கா.

அத்தான் லென்ஸைச் சோதிப்பதுபோல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குதிரையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. லீவு போல" என்றார். பிறகு, "மூக்குத்தண்டு வேற உப்புக்காத்துல தேஞ்சிருக்கு. கண்ணாடி போட்டா நிக்காது" என்றார்.

அக்கா சிரித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அன்னைக்கு மட்டும் நீங்க, தெரியாது, நான் பார்த்ததில்லைன்னு சொல்லியிருந்தா, மறுநாளே பெட்டியைக் கட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றாள்.

நாங்கள்தான் கடைசியாக இறங்கினோம். எதிரே பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அத்தான் அதைப் பார்க்கவே இல்லை.

உல்லாசப் படகு டிக்கெட்டை அக்கா பேக்கரி முதலாளிக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து நான் ரொட்டி வாங்கப் போனபோது முதலாளி ஒரு கேக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேக்கில் கல்குதிரை. இந்தத் தடவை முன்பக்கம். வெள்ளைக் க்ரீமில் மேல்வரிசை, கீழ்வரிசை என்று பல் மொத்தமும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது? நான் நேத்துதானே போய்ப் பார்த்துட்டு வந்தேன்? அது வாயை இறுக்கி மூடிக்கிட்டில்ல நிக்குது?"

அக்கா க்ரீம் பையைக் கீழே வைக்கவில்லை. கடைவாயில் விட்டுப்போன ஒரு பல்லையும் வைத்து முடித்தாள்.

"நீங்க எந்தப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தீங்க?" என்று கேட்டாள்.