வயது குறைந்த விண்ணப்பங்கள்

அந்த வருடத்து டைரியைக் கறையான் தின்றுவிட்டது. ஆகவே நாள்களை உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியில்லாத தேதியை எழுதும் பழக்கமும் எனக்கில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி, மாசி மாதம், நாகர்கோவிலில் இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பரீட்சை முடியும் முன்பே எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. அப்பா இல்லை. என்னைப் படிக்கவைத்தவர் அக்காவின் கணவர். கோட்டாற்றில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருந்தார். வேறு வேலை கிடைக்காவிட்டால் சித்திரை பிறந்ததும் அந்தக் கடையில் நான் கணக்கெழுத உட்கார வேண்டும் என்பது அவருடைய முடிவு. நல்ல மனிதர், கெடுதலாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ‘உட்கார’ என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. நான் பாடத்தைக்கூட நடந்துகொண்டே படிப்பவன். விடுதி மாடியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நான் நடப்பதைப் பார்த்து, கீழ் அறைக்காரர்கள் கூரையைக் கம்பால் இடிப்பார்கள். கடையில் கணக்கப்பிள்ளையின் இடமோ மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில். காலை மடக்கி உள்ளே போனால் கடை அடைக்கும்போதுதான் நீட்ட முடியும்.

இந்த நிலையில்தான் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. குலசேகரத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்துக்கு எழுத்தர் தேவை. சொந்தக் கையெழுத்தில் ஆங்கிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இருபது வயது நிறைந்திருக்க வேண்டும். பிறந்த தேதியை இங்கிலீஷ் கணக்கில் குறிப்பிட வேண்டும். பள்ளிச் சான்றிதழின் நகலும் வேண்டும். தோட்டத்து வேலை என்றால் நடக்கிற வேலை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் விடுதியில் ஒரு மாதிரி விண்ணப்பம் இருந்தது. யார் முதலில் எழுதியதென்று யாருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் கடைசி வகுப்புக்காரர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். ‘மிகுந்த வணக்கத்துடன் இந்தச் சில வரிகளைத் தங்கள் திருச்சமூகத்தில் வைக்கத் துணிகிறேன்’ என்று தொடங்கும். நடுவில், விண்ணப்பதாரர் ஒரு பெரிய ஏழைக் குடும்பத்தின் ஒரே ஆதாரம் என்று வரும். முடிவில் துரையின் நீண்ட ஆயுளுக்காகக் குடும்பம் முழுவதும் பிரார்த்திக்கும். இரண்டு பக்கம். அதை அழகாகப் பிரதி செய்து, ஞாயிற்றுக்கிழமை அத்தானிடம் காட்டப் போனேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார்.

“நிறுத்து. ஒரே ஆதாரமா? யாருக்குலே?”

“குடும்பத்துக்கு.”

“எந்தக் குடும்பத்துக்கு? மதியம் ரெண்டு தடவ சோறு வாங்குகியே, அந்தக் குடும்பத்துக்கா?” கடையாள்களைப் பார்த்து, “கேட்டியளா மக்கா, இவனாக்கும் நமக்கெல்லாம் ஆதாரம். கும்பிட்டுக்கிடுங்க” என்றார்.

“அத்தான், எல்லாரும் அப்படித்தான் எழுதுகாங்க.”

“எல்லாரும் எழுதினா அந்தத் தொர எல்லாருக்குமா வேல குடுப்பான்? நாலு மூட மிளகா வாங்க வாறவன்கூட நம்ம மிளகாயில என்ன விசேஷம்னுதான் கேக்கான். உன்கிட்ட என்ன சரக்கு இருக்குன்னு இதுல ஒரு எடத்துலயும் இல்லியே.”

எனக்குக் கோபம் வந்தது. மிளகாய் விற்பவருக்கு விண்ணப்பம் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் மாதிரி உதவவில்லை: பிறந்த தேதி. திருவிதாங்கூரில் எங்கள் பள்ளிக்கூடச் சான்றிதழ்களில் எல்லாம் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அதை இங்கிலீஷ் ஆண்டாக்க விடுதியில் ஒரே வாய்ப்பாடு: எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டு. அந்த எண்ணை யாரோ மாடிப்படிச் சுவரில் கரியால் எழுதியே வைத்திருந்தார்கள். நானும் கூட்டினேன். விண்ணப்பத்தை அஞ்சல் ஆபீஸில் சேர்த்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் இருப்புக்கொள்ளாமல் போயிற்று. தர்க்கப் புத்தகத்தைத் திறந்தால் ரப்பர் மரம் தெரிந்தது. இப்படியான நேரங்களில் மனதை அடக்க எனக்கு ஒரு வழி உண்டு: பழைய தேதிகளுக்குக் கிழமை கண்டுபிடிப்பது. அன்றும் கண்டுபிடித்துக்கொண்டே போனவன் என் பிறந்த நாளுக்கு வந்தேன். நான் கார்த்திகை மாதம் பிறந்தவன். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம் என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். விண்ணப்பத்தில் எழுதிய ஆங்கில ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வெள்ளி வரவில்லை. மறுபடி போட்டேன். வரவில்லை. அப்போதுதான் புரிந்தது. கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். மார்கழி நடுவில் இங்கிலீஷ் வருடம் மாறிய பிறகு, ஆடி முடிய பிறந்தவர்களுக்குத்தான் எண்ணூற்று இருபத்தைந்து. ஆவணியிலிருந்து மார்கழி நடு வரை பிறந்தவர்களுக்கு எண்ணூற்று இருபத்துநான்கு. ஒன்றைக் கூடுதலாகக் கூட்டி, என்னை நானே ஒரு வயது இளையவனாக்கியிருந்தேன். எனக்கு இருபது நிறைந்துவிட்டது. என் விண்ணப்பத்துக்குப் பத்தொன்பதுதான்.

திருத்தி இன்னொன்று அனுப்பலாம். ஆனால் இரண்டு தேதியோடு இரண்டு விண்ணப்பம் போனால் இரண்டையும் நம்பமாட்டார்கள். சனிக்கிழமை விடிந்ததும் தக்கலைக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து வண்டி கிடைத்த இடத்தில் வண்டியும் கிடைக்காத இடத்தில் காலுமாகப் போய்ச் சேர்ந்தேன். இலையுதிர்ந்து தளிர்விடும் பருவம். மரங்களுக்கடியில் சருகு கணுக்கால்வரை கிடந்தது. காலடியில் அது நொறுங்கும் ஓசைக்கெல்லாம் திடுக்கிட்டேன்.

ஆபீஸில் ஹெட்கிளார்க் மட்டும் இருந்தார். அருமனைப் பக்கத்துக்காரர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

“நீ எதுக்காக்கும் வந்நே?”

“விண்ணப்பம் போட்டிருக்கேன் ஐயா. அதுல பிறந்த வருஷம்...”

“எத்தன கூட்டினே? எண்ணூத்தி இருவத்தஞ்சா?”

தலையாட்டினேன். அவர் மேசைக்கடியில் கிடந்த விண்ணப்பக் கட்டு ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினார்.

“பாரு. நாஞ்சில் நாட்டுல பெரட்டாசியிலயும் கார்த்தியலயும் பெறந்தவன் எல்லாம் ஒரு வயசு கொறஞ்சு கெடக்கியான். அத்தனயும் பத்தொம்பது. தொர தள்ளச் சென்னதாக்கும்.”

“சான்றிதழ் நகல்ல சரியாத்தானே இருக்கும்? நீங்க பாக்கலியா?”

“பாத்தேன். தொர சீமையிலேந்து வந்நு ஆறு மாசம் ஆவல்ல. கொல்லம்ணா அவருக்கு ஒரு ஊரு. நான் திருத்தினா, எவன்கிட்ட என்ன வாங்கினேண்ணு கேப்பாரு.” மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கு மட்டும் திருத்தினாலும் அதத்தான் கேப்பாரு. திருத்துகதுண்ணா அந்தக் கெட்டு முழுக்கத் திருத்து. இல்லேண்ணா வந்ந வழியே நட.”

அந்த விண்ணப்பக் கட்டில் இருப்பவர்கள் எல்லாரும் எனக்குப் போட்டி. அவர்களுக்கு வயதைக் கொடுத்தால்தான் எனக்கும் வயது கிடைக்கும். வேறு வழி தெரியவில்லை. சம்மதித்தேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு காகிதத் துண்டு. அதில் நகலில் உள்ள கொல்லம் ஆண்டு, மாதம், சரியான இங்கிலீஷ் ஆண்டு. அதைக் குண்டூசியால் குத்தவேண்டும். அவர் பார்த்துச் சுருக்கொப்பம் போடுவார். இதுதான் ஏற்பாடு.

மேசையில் இடமில்லாததால் ஜன்னல் கட்டையில் வைத்து, நின்றுகொண்டே எழுதினேன். முதல் விண்ணப்பத்தைப் பிரித்தேன். ‘மிகுந்த வணக்கத்துடன் இந்தச் சில வரிகளை...’ இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நான் எழுதியதையே வேறுவேறு கையெழுத்தில் படிப்பதுபோல் இருந்தது. வீட்டு முற்றத்தில் யானை கட்டியிருந்தவரின் மகனை எனக்குத் தெரியும். அவனும் ஒரு பெரிய ஏழைக் குடும்பத்தின் ஒரே ஆதாரம். யாருக்கு என்ன தெரியும், யார் எதற்குத் தகுந்தவர் என்று அந்தக் காகிதங்களிலிருந்து கண்டுபிடிக்க எந்தத் துரையாலும் முடியாது. என்னுடையது எங்கே என்று தேடவேண்டியிருந்தது. கையெழுத்தைப் பார்த்தும் இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டேன்.

கட்டின் நடுவில் ஒரு விண்ணப்பம் அரைப் பக்கமே இருந்தது. இராஜாக்கமங்கலத்துக்காரர். வணக்கம், வேலை கேட்கிறேன் என்று தொடங்கி நேராக விஷயத்துக்கு வந்துவிட்டது. மூன்று விடுமுறைகளில் தேங்காய்க் களத்தில் எடை பார்த்து எழுதியிருக்கிறேன். எடை குறைத்துச் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தமிழும் மலையாளமும் பேசுவேன்; ஆங்கிலம் எழுத வரும், பேசும்போது திக்கும். சைக்கிள் விடுவேன். உங்கள் தோட்டத்தை ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்தேன். அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு போதும் என்று தெரிந்துகொண்டேன். பரீட்சை முடிந்த மறுநாள் வரமுடியும். இவ்வளவுதான்.

படித்துவிட்டு நிமிர்ந்தேன். இவருக்குத்தான் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பிறந்தது புரட்டாசி. ஆண்டு தப்பு. துண்டு வைக்காவிட்டால் ஆள் இல்லை. ஜன்னலிலிருந்து கதவுவரை நடந்தேன், திரும்பி வந்தேன். ஹெட்கிளார்க் “என்னலே, வயத்துக் கடுப்பா?” என்றார். இதில் நான் என்னைப் பற்றிப் பெருமையாக எதுவும் சொல்லிக்கொள்ள முடியாது. நியாயம், தர்மம் எதுவும் அப்போது என் மனதில் இல்லை. தப்பான தேதி ஒன்று கையில் இருக்கும்போது அதை அப்படியே கீழே வைக்க என்னால் முடிவதில்லை. அது என் உடம்போடு பிறந்த நமைச்சல். எழுதிக் குத்தினேன்.

கடைசியாக என்னுடையது. “ஐயா, இதைக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதித் தரட்டுமா?” என்று கேட்டேன்.

“வந்நது வந்நதாக்கும். எல்லாவனுக்கும் ஒரு துண்டு. உனக்கும் ஒரு துண்டு.”

அந்தத் துண்டில் ஆண்டை எழுதிய பிறகு கீழே இரண்டு விரல் அகலம் மிஞ்சியது. ‘இந்தக் கட்டில் உள்ள தேதிகள் எல்லாவற்றையும் இன்று சரிபார்த்தவன் நானே’ என்று ஆங்கிலத்தில் பொடியாக எழுதினேன். அவர் கண்ணருகே பிடித்துப் படித்தார்.

“பொய்யில்லியே. கெடக்கட்டும்” என்று சுருக்கொப்பம் போட்டார்.

பங்குனியில், பரீட்சைக்குப் பின், நேரில் வரச்சொல்லி அஞ்சலில் கடிதம் வந்தது. ஐந்து பேரை அழைத்திருந்தார்கள். ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. நான் தூணுக்குத் தூண் நடந்துகொண்டிருந்தேன். சைக்கிளில் வந்திருந்த ஒருவர் மட்டும் வேட்டியைத் தூசி தட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

“இரியும்வே. நீரு நடக்கது பாத்தா எனக்கும் காலு வலிக்குது.”

“எந்த ஊரு?”

“இராஜாக்கமங்கலம். எனக்கு வயசு காணாதுன்னு எங்க அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டான். எப்படியோ கூப்பிட்டுட்டானுவ.”

“நீரு புரட்டாசியில பொறந்தவரு.”

“ஜோசியம் பாப்பீரா?”

சொன்னேன். விண்ணப்பக் கட்டு, துண்டு, குண்டூசி எல்லாம் சொன்னேன்.

“அப்போ என் காகிதத்தப் படிச்சீரு.”

“படிச்சேன். என்னுடையதைக் காட்டிலும் நல்லா இருந்துச்சு.”

“பொறவு எதுக்குவே எனக்கு வயசக் கூட்டிக் குடுத்தீரு?”

“தப்பாக் கெடந்துச்சு.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். என் தோளைப் பிடித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஹெட்கிளார்க் கதவைத் திறந்து, “மிண்டாம இரிங்கலே, இது என்ன கல்யாண வீடா?” என்று அதட்டும்வரை அடங்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது; ஆனால் கால் நிற்கவில்லை.

துரை இளவயதுக்காரர். என் விண்ணப்பத்தின் முகப்பில் அந்தத் துண்டு அப்படியே இருந்தது. ஆண்டுக் கணக்கை விளக்கச் சொல்லிக் கேட்டார். ஆவணியில் புது வருடமா என்று வியந்தார், மெச்சினார். பிறகு, விடியற்காலையில் ரப்பர் பால் கொண்டுவரும் ஆள்களிடம் எடை பார்த்திருக்கிறாயா என்றார். இல்லை, கற்றுக்கொள்வேன் என்றேன். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாயா என்றார். ஆபீஸுக்கு இரண்டு தடவை வந்தும் நான் ஆபீஸைத் தாண்டிப் போகவில்லை. நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

இராஜாக்கமங்கலத்துக்காரரைக் கேள்வி கேட்கவே இல்லை. எடைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது அவர் விரல்களில் ரப்பர் பால் உலர்ந்து தோல்போல் உரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே நான் குடையை எடுத்துக்கொண்டேன். ஹெட்கிளார்க் படிவரை கூட வந்தார்.

“ஒன்னயும் நல்ல ஆளுண்ணுதான் தொர சென்னாரு. தேதி போடுக வேல இங்க இல்லியே, என்ன செய்ய?”

சித்திரை பிறந்தது. கோட்டாற்றுக் கடையில் மூட்டைகளுக்கு நடுவில் எனக்கு இடம் ஒழித்து, புதுப் பாய் போட்டு வைத்திருந்தார்கள். மிளகாய் நெடியில் முதல் மணிநேரத்திலேயே கண் எரிந்தது. அரைநாள் பொறுத்தேன். பிறகு எழுந்து, கணக்குப் பலகையைப் பருப்பு மூட்டைகளின் மேல் தூக்கி வைத்து, நின்றபடி எழுதினேன். அத்தான் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னலே, கடைக்கு வாறவன் உன்ன விலைக்குக் கேக்கப் போறான்.”

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பொட்டலத் தாள் ஒன்றை நீவிவிட்டு, நிலம் அளக்கும் ஆபீஸுக்கு ஒரு விண்ணப்பம் எழுதத் தொடங்கினேன். மாதிரி எதுவும் பக்கத்தில் இல்லை. நெடுநேரம் யோசித்து ஒரு வரி எழுதினேன்: ‘நாள் முழுவதும் நடப்பேன், நடந்தபடியே தப்பில்லாமல் எழுதுவேன்.’ அதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அத்தான் வந்து, தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“செரி” என்றார். “இன்னும் ரெண்டு வரி எழுது. அதுவரைக்கும் பலக அங்கேயே இருக்கட்டும்.”