மட்டாஞ்சேரிக்குக் கொண்டுபோன மூக்கு

போனவர்கள் இருவர்: நானும் என் அருளப்பு அண்ணையும். வராதவர் ஒருவர்: குருநகரில் எங்கள் தேவாலயப் பங்கில் சிலுவை மரணத்தைக் காட்டும் திருப்பாடுகள் நாடகத்தைப் பழக்கும் அண்ணாவியார். “கொச்சியிலை யூதற்றை கோயில் இருக்காம். வடிவாப் பாத்துக்கொண்டு வா, இந்தமுறை மேடையை அதுமாதிரிக் கட்டுவம்” என்று அண்ணையைத் தூண்டியவர் அவர்தான். கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டதால் நின்றுகொண்டார்.

அண்ணைக்குக் கடல் தொழில். பன்னிரண்டு வருடமாக அந்த நாடகத்தில் யூதரின் பெரிய குரு அவர்தான். கறுப்பு அங்கி, தாடி, கடதாசிக்கூழில் செய்த நீண்ட வளைந்த மூக்கு. அந்த மூக்கைப் போட்டுக்கொண்டு உண்மையான யூதர் கோயில் வாசலில் ஒரு படம் எடுப்பது அவருடைய ஆசை. ஆகவே வெள்ளிக்கிழமை பிற்பகல் பலாலி விமான நிலையத்தில் பையைச் சோதித்த அதிகாரியின் கையில் முதலில் அகப்பட்டது மூக்குத்தான்.

“இதென்ன?”

“மூக்கு, சேர்.”

“ஆற்றை?”

“பெரிய குருவின்ரை.”

அதிகாரி அதை ஒருமுறை மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பயணத் திட்டம் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழக வளாகம்வரை போன முதல் ஆள் நான் என்பதால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. வெள்ளி திருச்சிக்கு விமானம், அங்கிருந்து எர்ணாகுளத்துக்கு இரவு ரயில், சனி கோயில், ஞாயிறு வீடு. எங்கள் ஊரில் ஞாயிறு என்றால் வலையே நனையாது. அன்றைக்குப் போய்க் கதவைத் தட்டக் கூடாது என்று கவனமாகத் தவிர்த்திருந்தேன்.

சனி காலை ஒன்பதரை. எர்ணாகுளத்திலிருந்து படகில் கோட்டைக் கொச்சி, ஆளுக்கு ஆறு ரூபாய். கரையில் நின்ற சீன வலையை நான்கைந்து பேர் கயிற்றில் தொங்கி இழுப்பதைப் பார்த்து, “மீனைவிட இழுக்கிற ஆக்கள் கூட” என்றார் அண்ணை. அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ நூறு ரூபாய். யூதத் தெரு முழுவதும் மிளகும் சுக்கும் மணந்தன. இரு பக்கமும் பழம்பொருள் கடைகள், முனையில் மணிக்கூட்டுக் கோபுரம், வெள்ளைச் சுவர். கதவு பூட்டு.

“இன்னைக்கு சனிக்கிழமை அல்லே?” என்றார் ஆட்டோக்காரர். “அவங்க ஓய்வுநாள். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க, திறப்பாங்க.”

நான் அண்ணையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவரோ சிரித்துவிட்டார். “கம்பஸ் படிச்ச உனக்கும் தெரியேல்லை. பன்னிரண்டு வருசமா ‘ஓய்வுநாளை மீறினவன்!’ எண்டு மேடையிலை கத்தின எனக்கும் தெரியேல்லை. நல்ல சோடியடா நாங்கள்.”

பயணச்சீட்டுகளை மாற்றினோம். விடுதி ஓர் இரவுக்குத் தொள்ளாயிரம் இந்திய ரூபாய்.

ஞாயிறு காலை ஒரு தேவாலயத்தில் மலையாளப் பூசை கண்டு, பத்து மணிக்கு மறுபடி வாசலில் நின்றோம். நுழைவு பத்து ரூபாய். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், ஒரே வெளிச்சம். கூரையிலிருந்து கண்ணாடி விளக்குகள் தொங்கின. நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. காலடியில் நீல ஓவியம் தீட்டிய சீன ஓடுகள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அண்ணை அவற்றின்மேல் கால்விரல் நுனியில் நடந்தார்.

“நாங்கள் மேடையிலை கறுப்புச் சீலை கட்டிக் குகை மாதிரியெல்லோ வச்சிருக்கிறம்” என்று என் காதுக்குள் சொன்னார்.

சீட்டுக் கொடுத்த முதியவரிடம், இங்கே வழிபாடு எப்போது என்று கேட்டேன். “முறைப்படி முழுசா நடக்கணும்னா பத்து ஆண் வேணும்” என்றார். “உள்ளூர்ல அத்தனை பேர் இல்லை. வெளியூர்ல இருந்து ஆள் வந்து சேர்ந்தாத்தான்.”

“பத்துப் பேர்தானே?” என்றார் அண்ணை.

“பத்தே பேர்.”

வெளியே வந்து எதிர்க் கடைப் படியில் உட்கார்ந்தார். “தம்பி, எங்கடை நாடகத்திலை ‘சிலுவையிலை அறையும்’ எண்டு கத்திற யூதர் எத்தினை பேர்?”

“உங்களோடை நாப்பது.”

“நாப்பது மூக்கு” என்றார். பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் கைபேசியை எடுத்தேன். “படம் எடுப்பமோ அண்ணை?”

“வேண்டாம். பையைத் திறவாதை.”

திங்கள் பின்னேரம் பலாலியில் இறங்கியபோது அண்ணாவியார் வெளியே காத்து நின்றார். “என்ன மாதிரிக் கட்டுவம்?”

“வெளிச்சமாக் கட்டுவம். நீலத் தரை. ஆனா மூக்கு வேண்டாம், அண்ணாவியார். எனக்கும் வேண்டாம், மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் வேண்டாம்.”

“விசரே உனக்கு? மூக்கில்லாட்டி ஆர் கெட்டவன் எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியாட்டி அது என்ரை நடிப்பின்ரை பிழை.”

“அப்ப வேசத்தை வேறை ஆளுக்குக் குடுப்பன்.”

“குடுங்கோ. மேடையை நான் கட்டித் தாறன். மூக்கைத் தரமாட்டன்.”

அண்ணாவியார் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார். நாங்கள் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் இருந்து செலவுகளைக் கூட்டிக்கொண்டு போனேன்: விமானம், மாற்றிய சீட்டு, ரயில், விடுதி, படகு, சாப்பாடு.

“வேசமும் போச்சுதே அண்ணை. அதையும் எழுதவோ?”

“அது செலவில்லையடா.”

எழுதவில்லை. இருவருக்கும் மொத்தம் எங்கள் நாட்டுக் காசில் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்.