ஆர்லன் விற்ற துப்பாக்கி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பேருந்துகளை இருபத்தாறு வருடம் ஓட வைத்த மெக்கானிக் ஆர்லன் ஹாகன். மொன்டானாவின் ஜனவரிக் குளிரில், காலை ஆறு மணிக்கு நான் வரும்போது, நான் ஓட்டும் ஏழாம் நம்பர் பேருந்தின் என்ஜின் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருக்கும். இயந்திரம் எதுவானாலும் ஆர்லன் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. அந்தப் பெயர்தான் கடைசியில் இன்னொரு மனிதரைக் கவிழ்த்தது.

அந்த மனிதர் கோர்டி ஸ்ட்ராண்ட். ஹார்டுவேர் கடையில் துப்பாக்கிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லனும் அவரும் பத்தொன்பது இலையுதிர் காலம் ஒன்றாக மலையேறியவர்கள். ஒரு எல்க் மான் விழுந்தால் இரண்டு வீட்டு ஃப்ரீசரும் நிறையும்.

ஆர்லனின் பழைய துப்பாக்கி அவர் அப்பாவுடையது. குழல் தேய்ந்து, நூறு கஜத்தில் சுட்ட மூன்று குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறின. புதிது வாங்க முடிவெடுத்த வருடம், கோடை முழுக்க அவர் பேச்சு அதைப் பற்றித்தான். ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனார். ஆணி வாங்க வந்த நானும் அங்கே இருந்தேன்.

சுவரில் வால்நட் மரத்தில் பின்கட்டை போட்ட துப்பாக்கி ஒன்று பளபளவென்று தொங்கியது. ஆயிரத்து நானூறு டாலர். ஆர்லன் அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

"கையை எடுடா. கல்யாணமா பண்ணிக்கப் போற?" என்றார் கோர்டி. கீழேயிருந்து கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். "நானூத்தி எண்பது. பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா குழல் நல்ல குழல், விசை சிக்காம சட்டுனு விடும். மிச்சக் காசுல குறிபார்க்க ஒழுங்கா ஒரு ஸ்கோப் வாங்கு. மான் உன் கட்டையோட அழகைப் பார்த்தா விழப்போகுது?"

"விலை கம்மியா இருக்கே, கோர்டி."

"மரவேலைக்குக் காசு குடுக்கல, அவ்வளவுதான். சுடறது மரமா?"

ஆர்லன் வாங்கிக்கொண்டார். ஸ்கோப்பைத் தானே பொருத்தித் தருவதாகக் கோர்டி சொன்னார். அதற்கென்று முறுக்கு அளவு காட்டும் சின்னத் திருப்புளி ஒன்று வைத்திருந்தார்.

"முப்பது வருஷமா என்ஜின் இறக்கி ஏத்தறேன். எனக்கு நாலு ஸ்க்ரூ முறுக்கத் தெரியாதா?" என்று ஆர்லன் சிரித்தார். கோர்டியும் சிரித்து விட்டுவிட்டார்.

சுடுதளத்தில் அது அற்புதமாகச் சுட்டது. மூன்று ஓட்டைகளும் ஒரு கால் டாலர் நாணயத்துக்குள் அடங்கின. ஆர்லன் அந்தக் காகிதத்தைப் பேருந்துப் பட்டறைச் சுவரில் ஒட்டி, வருகிற ஓட்டுநர்களுக்கெல்லாம் காட்டினார். பிறகு இரண்டு மாதம் அந்தத் துப்பாக்கி அவர் பிக்கப் வண்டியில், சரளைச் சாலைகளில் தடதடத்தபடி கிடந்தது.

அக்டோபர் கடைசியில் வேட்டைக் காலம் தொடங்கியது. நூற்று எண்பது கஜத்தில் ஒரு பெண் எல்க் பக்கவாட்டில் நின்றதாம். ஆர்லன் அசையாமல் படுத்துச் சுட்டார். குண்டு அடிவயிற்றில் பட்டு அது ஓடிவிட்டது. பனியில் ரத்தத்தைத் தொடர்ந்து அவரும் கோர்டியும் இரண்டு நாள் நடந்தார்கள். மூன்றாம் நாள் காக்கைக் கூட்டம்தான் இடத்தைக் காட்டியது. இறைச்சி எதற்கும் உதவாது. ஆர்லன் தொப்பியைக் கழற்றி வெகுநேரம் நின்றாராம். அதுவரை ஒரு மிருகத்தையும் அவர் அப்படிச் சாக விட்டதில்லை.

அந்த வேதனை கோபமாகத் திரும்பியது. மறுநாள் காலை காபிக் கடையில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. கோர்டி உள்ளே வந்ததும் ஆர்லன் எழுந்தார்.

"குப்பையை என் தலையில கட்டிட்டியேடா! அதை வித்தா கம்பெனிக்காரன் உனக்கு எவ்வளவு தர்றான்?"

கோர்டியின் முகம் வெளுத்தது. "கொண்டா, நான் பார்க்கறேன்," என்றார்.

"நீ பார்த்துக் கிழிச்சது போதும்."

கோர்டி காபி வாங்காமலே வெளியே போனார்.

அந்த வாரமே ஆர்லன் துப்பாக்கியை இருநூறு டாலருக்கு விற்கப் பட்டறைப் பலகையில் சீட்டு ஒட்டினார். 'நேராகச் சுடாது' என்று அதிலேயே எழுதியிருந்தார், நேர்மையான மனிதர். என் கையிருப்பு அவ்வளவுதான் என்பதால் நான் வாங்கினேன். நேராகக் கோர்டியிடம் எடுத்துப் போனேன்.

அவர் ஸ்கோப்பைப் பிடித்து லேசாக அசைத்தார். ஆடியது. அடியில் ஸ்க்ரூக்கள் இரண்டு தளர்ந்திருந்தன. கழற்றித் துடைத்து, பசை வைத்து, அளவாக முறுக்கினார். அன்று மாலை நான் சுட்ட மூன்று குண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

"ஆர்லன்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் டோரீன். நான் சொன்னா சரக்கைக் காப்பாத்தறேன்பாங்க. நீ சொன்னா நான் சொல்லச் சொன்னேன்பாங்க. பத்தொன்பது வருஷம் பழகினவன், ஒருநாள் அவனே வந்து கேப்பான்."

ஆர்லன் வந்து கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்னதை ஊர் நம்பியது. கோர்டி எதைக் கையில் எடுத்துக் காட்டினாலும், "யோசிச்சுச் சொல்றேன்" என்று நகர்ந்து, நாற்பது மைல் தள்ளிப் போய் வாங்கினார்கள். இரண்டாம் வருடம் முதலாளி துப்பாக்கிப் பிரிவை மூடினார். கோர்டி பக்கத்து ஊர்த் தானியக் கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டுப் போடும் வேலைக்குப் போனார்.

நானோ ஒவ்வொரு வருடமும் அந்தத் துப்பாக்கியால் ஒரு மானை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் வருடம் ஆர்லன் பட்டறையில் கேட்டார்: "அந்தக் குப்பையில எப்படி டோரீன் சுடற? நான் அப்புறம் ஆயிரத்து நானூறு போட்டு வாங்கினதே உன் அளவுக்குச் சுட மாட்டேங்குது."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவர் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"யார் முறுக்கினது அது?" என்றார். "நான்தான்," என்று அவரே சொன்னார்.

மறுநாள் காபிக் கடையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார். "தப்பு கோர்டி மேல இல்ல. ஸ்க்ரூவை நான் ஒழுங்கா முறுக்கல." ஒருவர், "எந்த ஸ்க்ரூ?" என்றார். பாதிப் பேருக்குச் சண்டையே மறந்துபோயிருந்தது. கோர்டியிடம் வாங்கக் கூடாது என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு தானியக் கிடங்குக்குப் போனார். கோர்டி எங்களை உட்கார வைத்துக் காபி ஊற்றினார். ஆர்லன் மன்னிப்புக் கேட்டார். சுற்றி வளைக்கவில்லை.

"பரவால்ல ஆர்லன். அன்னிக்கு நீ இருந்த நிலைமை எனக்குத் தெரியும்."

"வர்ற அக்டோபர்ல மலைக்கு வர்றியா?"

கோர்டி கோப்பையைப் பார்த்தார். "மருமகன்கூடப் போறேன் இப்பல்லாம். அவன் பக்கம் நல்ல இடம் இருக்கு." கோபமே இல்லாமல், பாங்கியில் வரிசையில் நிற்கும் ஒருவரிடம் பேசுவதுபோல மரியாதையாகச் சொன்னார். அதுதான் ஆர்லனை நொறுக்கியது.

திரும்பும் வழியில், துப்பாக்கியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாமென்று தலையசைத்தார். அதன் பிறகு அவர் வேட்டைக்குப் போகவில்லை. போன வசந்தத்தில் ஓய்வு பெற்று, மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்.

கோர்டி சொல்ல வேண்டாமென்றதால் சொல்லவில்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மைதான். விஷயம் தெரிந்தால் ஆர்லன் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்பாரோ என்று பயந்தேன். இருநூறு டாலருக்கு அப்படி ஒன்று எனக்கு வேறெங்கே கிடைக்கும்? முதல் வாரமே வாய் திறந்திருந்தால் அந்த இரண்டு பேரும் இன்னும் ஒன்றாக மலையேறிக்கொண்டிருந்திருப்பார்கள்.