கீழ வயலில் அடைத்த ஆடுகள்

செம்மறி ஆடுகள் ரோட்டில் வந்தால் பஸ்ஸும் நின்றுதான் போக வேண்டும். முன்னால் போவது ஒரு குச்சியைத் தாண்டிக் குதித்தால், குச்சியை எடுத்த பிறகும் பின்னால் வருவதெல்லாம் அதே இடத்தில் குதிக்கும். யாரும் பார்க்கவில்லையென்றால் நானும் குதிப்பேன். எனக்கு அப்போது ஏழெட்டு வயசு.

அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போது, மயிலாடிக்குக் கிழக்கே எங்கள் பக்கம் கிடை போட ஆடுகள் வரும். பகலெல்லாம் மேய்ந்துவிட்டு ராத்திரி ஒருவர் வயலில் அடைந்து கிடக்கும். விடிந்தால் வயல் முழுக்கப் புழுக்கை, வயலுக்கு நல்ல உரம். கூலி நெல்லாகக் கொடுப்பார்கள்.

அந்த வருஷம் பேசிய வயலெல்லாம் முடிந்து, ஆட்டுக்காரர் மேட்டுப் பக்கம் கிளம்ப நின்றார். கால்வாயோரம் பள்ளத்தில் இருந்த எங்கள் கீழ வயலுக்கும் ஒரு ராத்திரி வேண்டும் என்றார் அப்பா.

"மேகம் கருக்குது அண்ணாச்சி. பள்ளத்துல வேண்டாம்."

"சித்திரையில எங்க ஓய் மழை? நாலு தூத்தல் போடும். ஒம்ம ஆடு என்ன உப்பா, கரைஞ்சு போறதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வந்த நாள் முதல் எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் மறுக்க வாய் வரவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் மூங்கில் தட்டிகளை நட்டு ஆடுகளை அடைத்தார்.

ராத்திரி மழை பெய்தது எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன்.

காலையில் அப்பாவின் பின்னால் போனேன். வரப்பு மட்டத்துக்குத் தண்ணீர். தட்டிகளைப் பிடுங்கிப் போட்டு வழி விட்டிருந்தார்கள். ஆனாலும் ஆடுகள் வெளியே வரவில்லை. மழையில் செம்மறி நடக்காதாம். ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையைச் சொருகி, நெருக்கியடித்து நிற்குமாம். ஓரத்தில் நின்றவை பிழைத்தன. நடுவில் நின்றவை நெரிபட்டுத் தண்ணீருக்குள் கிடந்தன. குட்டிகளெல்லாம் நடுவில்தான் இருந்தன.

ஆட்டுக்காரரின் மனைவி ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இழுத்து வரப்பில் போட்டாள். அழவில்லை. ஒரு ஆட்டிடம் மட்டும், "எந்திரிட்டி. ஏட்டி, எந்திரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வயல் மூலையிலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். அப்பாவும் மண்வெட்டி பிடித்தார். எல்லாம் மூடிய பிறகு, "நெல்லு கூடுதலா தாறேன் ஓய், கொண்டு போரும்" என்றார்.

ஆட்டுக்காரர் மெதுவாகத்தான் சொன்னார்.

"நெல்லு இருக்கட்டும் அண்ணாச்சி. இந்த வயலுக்கு இனி ஒரமே வேண்டாம். நல்லா வெளையும்."

இவ்வளவு நடந்தும் கோபப்படாமல் நல்ல வார்த்தை சொல்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். யாரிடமும் வாய் திறக்கக் கூசுகிற பிள்ளை நான். அன்றைக்கு வீட்டுக்கு ஓடினேன். அம்மா அவர்களுக்காகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"கீழ வயலு நல்லா வெளையுமாம்மா. ஆட்டுக்காரரே சொல்லிட்டாரு."

அம்மா கரண்டியைக் கஞ்சிக்குள்ளேயே விட்டுவிட்டு, அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. நான்தான் துணியால் பிடித்துப் பானையை இறக்கி வைத்தேன். சந்தோஷத்தில் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை என்று நினைத்தேன்.