டிங்கர் நிமிர்த்திய கதவு

டிங்கர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய கார் பதினோரு வருஷமாக நின்றது. யார் வண்டி எங்கே இடிபட்டு வந்தாலும் மூன்றாம் நாள் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுக்கிற மனுஷன், சொந்த அக்கா வண்டியைத் துருவுக்குத் தின்னக் கொடுத்துவிட்டார். இதை அவர் மனைவியே வாய்விட்டுச் சொல்வாள். அவர் மறுத்துப் பேசமாட்டார்.

டிங்கரையும் சேர்த்து அவர் அம்மாவுக்குப் பிறந்தது நாலு பேர். மூத்தவள் அக்கா. அடுத்தவன் மூன்று வயதில் காய்ச்சலில் போனான். அதற்கும் அடுத்தவள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய் அங்கேயே முடிந்துபோனாள். கடைக்குட்டி டிங்கர். அம்மா கண்ணை மூடியபோது அவருக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபத்தொன்று. அந்த வருஷமே அக்காவுக்கு ஒரு வாடகைக் கார் டிரைவரோடு கல்யாணம் ஆனது. பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே சாமான் இந்தத் தம்பிதான் என்று அக்கா புருஷன் கேலி பண்ணுவாராம். கேலி பண்ணினாலும் சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. நல்ல மனுஷன். அதனால்தானோ என்னவோ ஐந்தாம் வருஷமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அவர் விட்டுப்போனது அக்கா இடுப்பில் ஒரு பெண் குழந்தை, வாசலில் கரும்பச்சை நிறத்தில் அந்தக் கார்.

அக்கா ஒன்றரை மாதத்தில் வண்டி ஓட்டப் படித்தாள். ரயில் நிலைய வாசலில் முதல் நாள் ஏற வந்த ஆள், "ஏம்மா, டிரைவர் எங்க போயிட்டான்?" என்று கேட்டான்.

"டிரைவர் செத்துட்டான். நான் அவன் பொண்டாட்டி. ஏறறதுன்னா ஏறுங்க."

ஏறினான். அதற்குப் பிறகு முப்பத்துமூன்று வருஷம் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தே மகளைப் படிக்கவைத்தாள், தம்பியைப் பேருந்துப் பணிமனையில் டிங்கர் வேலைக்குச் சேர்த்தாள். சின்ன வயதில் அவர் ஒல்லியாக இருப்பார். "டேய் குண்டூசி" என்றுதான் கூப்பிடுவாள். அவருக்குத் தொப்பை விழுந்த பிறகும், மகன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் எதிரிலும் அதே "டேய் குண்டூசி"தான்.

கண் மங்கி ஓட்டுவதை நிறுத்தியபோது வண்டியைத் தம்பி வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அவளும் அங்கேயே தங்கிவிட்டாள்.

"இதைக் கொஞ்சம் சரி பண்ணி வைடா. ஓட்டறதுக்கில்ல, சும்மா உள்ள உக்காந்திருக்கத்தான்."

"அதுக்கென்னக்கா, பண்ணிட்டாப் போச்சு."

பணிமனை வேலை ஒரு பக்கம், வீட்டுக்கு வருகிற வேலை ஒரு பக்கம். அக்கா முதல் வருஷம் வாராவாரம் கேட்டாள். அடுத்த வருஷம் எப்போதாவது கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காததை அவர் கவனிக்கவில்லை. அதுதான் பின்னால் அவர் மண்டையைக் குடைந்தது.

மறதி மெல்ல வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழியும், அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். கடைத்தெருவுக்குப் போனவளை யாராவது கைபிடித்துக் கூட்டிவருவார்கள். ஒருநாள் காலையில் டிங்கர் காபியை நீட்டியபோது நிமிர்ந்து பார்த்து, "யாரைப் பார்க்கணும் மேஸ்திரி?" என்றாள். அக்காவின் வழக்கமான கிண்டல் என்று அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள்.

அன்றையிலிருந்து அவர் அவளுக்கு மேஸ்திரி. எப்போதாவது பார்க்க வருகிற மகளை மட்டும் அடையாளம் தெரிந்தது. டிங்கர் மனைவி முழங்கால் வலியோடு அக்காவின் பின்னாலேயே தெருத் தெருவாக அலைவதைப் பார்த்து மகள் ஒரு முடிவெடுத்தாள். "மாமா, புது வீட்டுக்குப் போறோம். ரெண்டு மாசத்துல அம்மாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன். அத்தையால முடியல." நாலு மணி நேரத் தொலைவில் இருந்தது அவள் ஊர்.

"பழகின சாமான் எதையாவது காட்டுங்க. சில சமயம் ஞாபகம் வரும். உறுதியாச் சொல்ல முடியாது" என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். டிங்கருக்கு முதல் இரண்டு வாக்கியம் காதில் விழுந்தது, மூன்றாவது விழவில்லை. போவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் வாயால் "டேய் குண்டூசி" என்று கேட்டுவிட வேண்டும். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை. அன்றைக்கே கார்மேல் கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டார்.

உள்ளே கால் வைத்ததும் தரை பிஸ்கட் மாதிரி உடைந்து அவர் கால் மண்ணில் நின்றது. டிக்கியின் அடிப்பாகம் சல்லடை. சீட்டுக்குள் எலிகள் மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருந்தன.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். "பதினோரு வருஷம் தூங்கிட்டு இப்பதான் முழிச்சீங்களா?"

"வாயை மூடிட்டு அந்த உப்புத்தாளை எடு."

அழுகின தகரத்தை உளியால் வெட்டி எடுத்தார். புதுத் தகடு வளைத்து, கேஸ் வெல்டிங்கில் ஒவ்வொரு ஓட்டையாக மூடினார். துருவைச் சுரண்டின தூசியில் அவர் மூக்கும் காதும் செங்கல் நிறமாயின. எஞ்சினுக்குப் பணிமனையில் கூட வேலை செய்த பழைய கூட்டாளி வந்தார். நாலு நாள் நோண்டிவிட்டு, "எஞ்சின் இரும்பு மாதிரி இருக்குய்யா. அந்தம்மா வண்டி ஓட்டல, வளர்த்திருக்கு" என்றார்.

டிரைவர் பக்கக் கதவு கீல் தேய்ந்து தொங்கிப்போயிருந்தது. அதைத் திறக்க அக்காவுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு கையாலும் கைப்பிடியைத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி. வேறு யாருக்கும் அது திறக்காது. வண்டியைத் திருட வந்தவனே திறக்க முடியாமல் போய்விட்டான் என்று அவள் பெருமையடித்துக்கொள்வாள். இடது பக்க முன் மட்கார்டில் ஒரு பள்ளம் இருந்தது. தம்பியை வேலைக்குச் சேர்க்கப் போன அன்று, சந்தோஷத்தில் பணிமனைக் கேட்டில் மோதியது.

"அந்தக் கதவை அப்படியே விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"தொங்கற கதவையா? நாலு பேரு பார்த்தா என்னைப் பத்தி என்ன சொல்லுவான்?"

"நாலு பேருக்கா செய்யறீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி உறைக்கவில்லை. நாற்பது வருஷம் பள்ளத்தைக் கண்டால் நிமிர்த்திய கை, பள்ளத்தைக் கண்டது, நிமிர்த்தியது. உள்ளே இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளியே சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டி, பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மட்கார்டை முட்டை ஓடு மாதிரி ஆக்கினார். கதவுக்குப் புதுக் கீல் போட்டார். ஒரு விரலால் தள்ளினால் திறந்தது, ஒரு விரலால் தள்ளினால் மூடியது. தன் ஆயுளில் இதுதான் தன் கையின் சிறந்த வேலை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பில்லை, அப்படித்தான் இருந்தது. துருவுக்கு அடியில் ஒளிந்திருந்த பழைய கரும்பச்சையைத் தேடி, அதே நிறத்தைக் கலந்து அடித்தார்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, காலை வெயிலில் வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். மனைவி அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

அக்கா நின்றாள். முகத்தில் என்னவோ மாறியது. மனைவி கையை உதறிவிட்டு, தொழிலுக்குக் கிளம்பும் டிரைவர் மாதிரி வண்டியை ஒரு சுற்று வந்தாள். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

டிரைவர் பக்கம் வந்தாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, இடுப்பால் இடித்து, முழுப் பலத்தோடு இழுத்தாள்.

கதவு காற்றில் பறந்த மாதிரி திறந்தது. அக்கா நிலைதடுமாறிப் பின்னால் சாய்ந்தாள். மனைவி ஓடிவந்து, "அண்ணி!" என்று தாங்கிப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பாள்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு முன்பக்கம் போனாள். இடது மட்கார்டில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். மறுபடி தடவினாள். தேடுகிற கை அது.

"இது என் வண்டி இல்ல மேஸ்திரி."

"உன் வண்டிதான்கா. நான்தான் நிமிர்த்தினேன். நான்தான் குண்டூசி. என்னைப் பாருக்கா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குடித்துவிட்டு ஏறுகிற சவாரியிடம் காட்டுகிற பொறுமை அவள் முகத்தில் இருந்தது.

"குண்டூசி என் தம்பி. சின்னப் பையன். என் வண்டி அவன்கிட்டதான் இருக்கு. வேலைக்குப் புதுசு, இப்பத்தான் கத்துக்கறான். உங்க கை மாதிரி சுத்தம் அவனுக்கு வராது." பிறகு அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "யாரு வண்டியோ, ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்று சேர்த்துச் சொன்னாள்.

மறுநாள் டிங்கர் புதுக் கீலைக் கழற்றினார். பழைய கீலைக் குப்பையில் தேடி எடுத்து மாட்டினார். கதவு தொங்கவில்லை, கோணிக்கொண்டு நின்றது. சுத்தியலால் அடித்தார். முப்பத்துமூன்று வருஷம் ஒரு பெண்ணின் இடுப்பு இடித்து உண்டான தொங்கல், அரைமணி நேர அடியில் எப்படி வரும்? பெயிண்ட் பெயர்ந்து கதவு மூடாமல் போனதுதான் மிச்சம். மனைவி வந்து சுத்தியலைப் பிடுங்கினாள்.

"போதுங்க. அவங்களுக்கு வேணுங்கறது உங்க கையில இல்ல."

அவர் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவளும் முழங்கால் வலியைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு நாள் செலவழித்துக் கதவை மறுபடி நேராக்கினார். ஊருக்குப் போக வண்டி வேண்டுமே.

புறப்பட்ட அன்று அக்கா தானாகவே பின் சீட்டில் ஏறி, கூட்டிப்போக வந்திருந்த மகளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். மூட்டை கட்டின களைப்பில் மகள் கொஞ்ச தூரத்திலேயே தூங்கிவிட்டாள். அக்கா மட்டும் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மேடு வருது பாருங்க. கியரை முன்னாடியே மாத்தணும், கடைசியில மாத்தினா வண்டி திணறும்."

"சரிங்கம்மா" என்றார் டிங்கர். அக்கா என்று கூப்பிட்டால் அவள் கலவரப்படுகிறாள் என்று அந்த ஒரு வாரத்தில் அவருக்குப் புரிந்திருந்தது.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"பொண்டாட்டி இருக்கா. பையன் தனியா இருக்கான்." கியரை மாற்றினார். "ஒரு அக்கா இருக்காங்க."

"மூத்தவங்களா?"

"பன்னெண்டு வயசு மூத்தவங்க. அவங்கதான் வளர்த்தாங்க."

"எனக்கும் தம்பிக்கும் அதே கணக்குதான்" என்று அக்கா மலர்ந்தாள். "அம்மா போன அன்னிக்கு அவன் என் பாவாடையைப் பிடிச்சவன்தான், ஒரு மாசம் விடலயே. தண்ணி எடுக்கப் போனாலும் கூடவே வருவான்." அவளாகவே சிரித்துக்கொண்டாள். "உங்க அக்கா சௌக்கியமா?"

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. டிங்கர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "சௌக்கியமா இருக்காங்கம்மா" என்றார்.

"அடிக்கடி போய்ப் பாருங்க. நாங்க கேக்கமாட்டோம், ஆனா எதிர்பார்த்துட்டே இருப்போம்."

அதற்குப் பிறகு அவர் இரண்டு முறை வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சின் சூடாகிவிட்டது என்றார். அக்கா நம்பினாள்.

மகள் வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு அவரிடம் திரும்பினாள். "டிரைவர், போயிடாதீங்க. எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன். பத்து நிமிஷம்."

"இருக்கேம்மா."

மகள் அவளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சாமான்களை இறக்கி வைத்தார்கள். வெகுநேரம் கழித்து மகள் வெளியே வந்து பார்த்தபோது டிங்கர் வண்டியின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாமா இது, யாரோ மாதிரி வாசல்லயே நிக்கறீங்க? அம்மா சாப்பிட்டுப் படுத்தாச்சு. உள்ள வாங்க."

"நீ போம்மா. பத்து நிமிஷம் இருக்கச் சொல்லியிருக்காங்க" என்றார் அவர். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தண்ணீரைக் குடித்தார். உட்காரவில்லை.