இரண்டு தரம் அடித்த மணி

திருகோணமலை பஸ் நிலையத்தில் அண்மையில் ஒரு பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அரசாங்க பஸ் சேவையின் வரலாறு. முதலாளிமாரின் பஸ்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தது, ஒருவரும் போகாத ஊர்களுக்கும் பஸ் விட்டது, யுத்த காலத்திலும் ஓடியது என்று போய், "எந்தப் பயணியையும் வழியில் விட்டுச் செல்லாமை எமது பணி" என்று முடிகிறது. அந்த வரியை வாசித்ததும், பேரப்பிள்ளை காணப்போகிற வயதில், கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஓட வேண்டியதாயிற்று. பயம் வந்தால் என் உடம்பில் முதலில் வேலை தொடங்குவது வயிறுதான். மூளை ஆறுதலாக வந்து கையெழுத்துப் போடும்.

எட்டு வயதிலும் அப்படித்தான். அப்பா குச்சவெளி பஸ்ஸின் றைவர். அம்மாவின் தம்பியான மாமா அதே பஸ்ஸில் கொண்டக்டர். கூரையோடு ஒரு கயிறு ஓடும். ஒருதரம் இழுத்து மணி அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு தரம் அடித்தால் போகும். அத்தானின் காதுக்கும் காலுக்கும் நேரடி வயர் போகுது, நடுவில் மூளைக்கு வேலையில்லை என்று மாமா பகிடி விடுவார். அப்பா சிரிப்பார்.

வழியில் ஆமிக்காரரின் சோதனைச் சாவடி ஒன்று. சின்னப் பிள்ளைகளைத் தவிர எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டியபடி வரிசையில் நடப்பார்கள். வெறும் பஸ் தடையைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் காத்து நிற்கும். இறங்கியவர் எல்லோரும் திரும்ப ஏறும்வரை அசையாது. இது எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. அந்த றோட்டில் ஓடிய எல்லா றைவர்மாரும் அப்படித்தான் நின்றார்கள்.

பள்ளிக்கூட விடுமுறையில் பெரியம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் மகனிடம் பற்றரியில் ஓடும் விளையாட்டுக் கார் ஒன்று இருந்தது. ஆனால் குண்டு செய்ய உதவும் என்று பற்றரி அந்தச் சாவடிக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாத சாமான். நான் வீட்டு றேடியோவிலிருந்து இரண்டைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டிருந்தேன். பெரிய கடத்தல்காரன்.

எனக்குப் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அண்ணன் நகரத்தில் ஒரு கடையில் வேலை செய்பவர். குச்சவெளிக்குத் தாயைப் பார்க்கப் போகிறார். தன் அடையாள அட்டையை என்னிடம் காட்டினார். படத்தில் முகமே இல்லை.

"சொல்லும் பாப்பம், இது நானோ பேயோ?"

"பேய்."

சிரித்தார். "அம்மா போன கிழமை சட்டையோட சேர்த்துத் தோய்ச்சுப்போட்டா."

சாவடியில் இறங்கிப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி ஏறினார்கள். அண்ணனின் இடம் மட்டும் காலி. மாமா தடைக்குப் பக்கத்தில் நின்று காவலுக்கு நின்ற ஆமிக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். அப்பா எஞ்சினை நிறுத்தவில்லை. வெயில் ஏற ஏற எனக்கு ஒன்று நிச்சயமானது. என்னுடைய பற்றரிகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் மறித்து வைத்திருக்கிறார்கள்.

அப்போது துவக்கோடு ஆமிக்காரன் ஒருவன் பஸ்ஸை நோக்கி நடந்து வந்தான். இருக்கையில் ஏறி நின்று, கயிற்றை எட்டிப் பிடித்து, இரண்டு தரம் இழுத்தேன்.

வயர் வேலை செய்தது. பஸ் பாய்ந்தது.

மாமா பின்னால் ஓடிவந்து மிதிபலகையில் தொற்றினார். "நிப்பாட்டுங்கோ அத்தான், அந்தப் பெடியன் இன்னும் உள்ள." பஸ் நின்றபோது சாவடி சின்னதாகத் தெரிந்தது. அப்பா இறங்கித் திரும்ப நடந்தார். தடையை மூடிவிட்டு, துவக்கால் போ என்று சைகை காட்டினார்கள். நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஆர் பெல் அடிச்சது?" என்று மாமா கேட்டார். நான் இன்னும் இருக்கையின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். முன்னால் இருந்த மனிசி என்னைப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா.

அப்பாவும் என்னைப் பார்த்தார். "ஒருத்தரும் அடிக்கேல்ல. நான்தான் எடுத்தனான்" என்றார்.

டிப்போவிலும் அப்படியே எழுதிக்கொடுத்தார். அதன்பிறகு அவருக்கு றோட்டில் வேலையில்லை. டிப்போ வளவுக்குள் பஸ்களை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்துகிற வேலை. பின்னேரம் வெள்ளென வீட்டுக்கு வந்துவிடுவார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

அண்ணன் திரும்பி வரவேயில்லை. அவருடைய அம்மா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தா. அப்பா கதிரை எடுத்துப் போட்டும் இருக்கவில்லை.

"அட்டையத் தோய்ச்சது நான்தான் தம்பி. அது என்ர பிழை. ஆனா நீங்க இன்னும் கொஞ்சம் நிண்டிருந்தா, இவ்வளவு சனமும் பாத்துக்கொண்டு இருக்கேக்க, விட்டிருப்பாங்களோ?"

அப்பா கதிரையைத் திரும்பச் சுவரோடு வைத்தார். பிறகு, "ஓம் அம்மா, நிண்டிருக்க வேணும்" என்றார்.

நான் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன், பைக்குள் இரண்டு பற்றரிகளையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு. அந்த அம்மா அவற்றைக் கேட்டுத்தான் வந்திருக்கிறா, அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு.